வேலைக்கு வருவதும் வேலையில் நிலைப்பதும்



பெண்களின் உழைப்புப் பங்கேற்பைத் தீர்மானிக்கும் காரணிகள் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பாடநூல்களில் இதற்கு ஒரு பட்டியல் உண்டு. கல்வி, திருமணம், பிள்ளைப்பேறு, கணவரின் வருமானம், சாதி, சமயம், கூலி, போக்குவரத்து, பாதுகாப்பு, சட்டம் என்று அது நீளும். தேர்வில் பத்து மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு குறை இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணை வேலைக்குக் கொண்டுவருவது எது, முப்பது வயதில் அதே பெண்ணை வேலையிலிருந்து வெளியேற்றுவது எது என்று அது பிரித்துக் காட்டுவதில்லை. கொண்டுவரும் காரணிகள் வேறு, வெளியேற்றும் காரணிகள் வேறு. தமிழ்நாடு முதலாவதை ஓரளவு நன்றாகவே கற்றுக்கொண்டது. இரண்டாவதில் இன்னும் தொடக்க வகுப்பில்தான் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்றுகள்.

இந்த மண்ணில் இது புதிய பேச்சும் அல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை வேண்டும், தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலையைப் பெண்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சொத்துரிமைக்கு அறுபது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. 1989இல்தான் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடும் வந்தது, பின்னர் அது 40 ஆக உயர்த்தப்பட்டது. கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு நெடுநாளாக உண்டு. கதவைத் தாண்டி வந்தவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் பழக்கம்தான் குறைவு.

கணக்கில் வருபவர், வராதவர்

முதலில் எண்கள். ஒன்றிய அரசின் காலமுறை உழைப்புப் படைக் கணக்கெடுப்பு 2017-18இல் தொடங்கியது. அந்த ஆண்டில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் 23.3 சதவீதம் பேர்தான் உழைப்புப் படையில் இருந்தார்கள். 2023-24இல் இது 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம் என்றால் கொண்டாட வேண்டியதுதானே என்று தோன்றும். கொண்டாடுமுன் இரண்டு செய்திகளைப் பார்த்துவிடுவோம்.

ஒன்று, இந்த ஏற்றம் பெரும்பாலும் கிராமத்தில் நடந்தது. 2023-24இல் கிராமப் பெண்களின் பங்கேற்பு 47.6 சதவீதம், நகரப் பெண்களின் பங்கேற்பு 28 சதவீதம். இரண்டு, கூடிய வேலை பெரும்பாலும் சம்பள வேலை அல்ல. வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் என்று பதிவானவர்கள் பாதிக்குச் சற்று மேல் இருந்த நிலை மாறி, மூன்றில் இரண்டு பங்காகிவிட்டார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவர்கள். அதே காலத்தில், மாதச் சம்பளம் வாங்கும் பெண்களின் விகிதம் ஐந்தில் ஒன்றாக இருந்தது ஆறில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்கள் உழைப்புப் படைக்குள் வந்திருக்கிறார்கள். சம்பளப் பட்டியலுக்குள் அதே அளவில் வரவில்லை.

கணக்கெடுப்பவர் வீட்டு வாசலில் நின்று என்ன செய்கிறார் என்பதும் இங்கே முக்கியம். ஒவ்வொருவர் செயல்பாட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு 31. குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவருக்கு 21. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, கீரை பறிப்பது, மாட்டுக்குத் தீவனம் சேர்ப்பது, வீட்டாருக்குத் துணி தைப்பது என்று செய்பவருக்கு 93. முதல் இருவரும் உழைப்புப் படையில் உள்ளவர்கள். அடுத்த இருவரும் வெளியே. அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் காசு வாங்கினால் அவர் தொழிலாளி. தன் மகளுக்குத் தைத்தால் தொழிலாளி அல்ல. ஆண்டில் முப்பது நாள் ஏதாவது வேலை செய்திருந்தாலும் துணைநிலையில் அவரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. அந்த முப்பது நாளைக் கணக்கெடுப்பவர் தூண்டித் துருவிக் கேட்டாரா, வாசலில் வந்து பதில் சொன்னவர் கணவரா மனைவியா என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே பங்கேற்பு விகிதம் ஏறியதா இறங்கியதா என்று மட்டும் பார்ப்பது போதாது. எந்தக் குறியீட்டிலிருந்து எந்தக் குறியீட்டுக்குப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். 93இலிருந்து 21க்குப் போவது ஒரு நகர்வு. 93இலிருந்து 31க்குப் போய் அங்கேயே இருபது ஆண்டு இருப்பது வேறு வகை நகர்வு.

வயலில் குறைந்த வேலை

பொருளியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விளக்கம் உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் கிளாடியா கோல்டின் 2023இல் நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்காவின் இருநூறு ஆண்டு ஆவணங்களை ஆராய்ந்து, பெண்களின் பங்கேற்பு ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகவில்லை என்று காட்டினார். வேளாண் சமுதாயத்தில் பெண்கள் நிறைய உழைக்கிறார்கள். தொழில்மயம் வரும்போது வேலை வீட்டையும் வயலையும் விட்டுத் தொலைவுக்குப் போகிறது, பெண்களின் பங்கேற்பு இறங்குகிறது. பிறகு கல்வியும் அலுவலக வேலையும் பெருகும்போது மீண்டும் ஏறுகிறது.

இறங்கி ஏறும் இந்தப் பள்ளத்தின் முதற்பாதியைக் காவிரிப் படுகையில் கண்ணால் பார்க்கலாம். உழவும் பரம்படிப்பும் ஆண்களின் வேலையாக இருந்தன. நாற்றுப் பறிப்பது, நடவு, களையெடுப்பு, தூற்றுவது ஆகியவை பெண்களின் வேலை; அறுப்பும் கட்டுக் கட்டுவதும் இருவருக்கும் பொது. டிராக்டர் வந்தபோது ஆண்கள் வேலை இழந்தார்கள், ஆனால் டிராக்டர் ஓட்டும் வேலையும் ஆண்களுக்கே போனது. களைக்கொல்லி வந்தபோது பெண்கள் வேலை இழந்தார்கள், மருந்தடிக்கும் வேலை ஆண்களிடம் போனது. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்தபோதும் அதே கதைதான். இயந்திரத்தின் மீது யார் ஏறி உட்காருவது என்பதை இயந்திரமா முடிவு செய்தது? ஓட்டுநர் பயிற்சி யாருக்குக் கிடைத்தது, கடன் யார் பெயரில் கிடைத்தது, நிலப் பட்டா யார் பெயரில் இருந்தது என்பவை முடிவு செய்தன.

கிராமத்தில் எஞ்சி நின்ற பெண்களுக்கு 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு பிடிமானமாக வந்தது. நம் ஊர்ப் பேச்சில் அது நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்களுடையவையாக இருந்தன. காரணம் வெளிப்படை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வேலை இருந்த இடம் ஊர் ஏரிக்கரை. கங்காணியின் தயவு தேவைப்படவில்லை. பணியிடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அமர்த்த வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. அறுபது வயதுப் பெண் கூட அந்த வேலைக்கு வந்ததைப் பார்த்து, இது வேலையா விளையாட்டா என்று கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிந்தது வேறு. கூலி சமமாக, இடம் பக்கமாக, பிள்ளைக்குப் பாதுகாப்பு உள்ளதாக ஒரு வேலை இருந்தால் எந்த வயதுப் பெண்ணும் வருவார் என்பதற்கு அது நாடளவிலான சான்று.

ஆலை வாசல்

இந்தியப் பள்ளத்தின் அடியில் தமிழ்நாடு மட்டும் சற்று வேறு வழி கண்டது. நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பார்த்தால் இதன் பெருமை புரியும். திருப்பூர்ப் பின்னலாடை, கோவை, திண்டுக்கல் நூற்பாலைகள், ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் காலணி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் மின்னணுத் தொழில் எல்லாமே இளம் பெண்களின் கைகளால் ஓடுகின்றன.

இது தானாக நடந்ததல்ல. பெண்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்த சத்துணவு, உயர்கல்விச் சேர்க்கையில் மாநிலத்தை 47 சதவீதம் வரை உயர்த்திய கல்லூரிகள், ஊர்தோறும் நின்ற பேருந்து, குறைந்த குழந்தைப்பேறு எல்லாம் சேர்ந்து செய்தது. சட்டத் தடை ஒன்றும் இங்கே உடைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இரவு ஏழு மணிக்குப் பிறகு பெண்கள் ஆலையில் இருக்கக் கூடாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பெண்ணை வீட்டுக்கு அனுப்பிப் பாதுகாக்காமல் வேலையிடத்தைப் பாதுகாப்பானதாக ஆக்க வேண்டும் என்ற நோக்கில், வண்டி, ஓய்வறை, துணை என்று நிபந்தனைகளையும் சேர்த்தது.

2021 மே மாதம் பெண்களுக்காகத் தொடங்கிய சாதாரண நகரப் பேருந்துக் கட்டணமில்லாப் பயணம் இந்த வரிசையில் அடுத்தது. பயனடைந்த பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மிச்சப்பட்ட பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, யாரிடமும் பஸ் காசு கேட்காமல் வீட்டை விட்டு இறங்க முடிந்தது. வழி என்பது சிறிய காரணி அல்ல. தில்லிப் பல்கலைக்கழக மாணவியரை ஆராய்ந்த பொருளியலாளர் கிரிஜா போர்க்கர், பாதுகாப்பான வழிக்காக மாணவியர் தரம் குறைந்த கல்லூரியைக்கூடத் தேர்ந்துகொள்கிறார்கள் என்று கண்டார். வழியில் நேரும் சீண்டலுக்காகச் சம்பளத்தில் விட்டுக்கொடுக்கும் பெண்களை நாமும் அறிவோம்.

வேலை வாய்ப்பு கண்ணுக்குத் தெரிந்தாலே வீட்டின் மனம் மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தில்லியைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்கு அழைப்பு மைய நிறுவனங்களின் ஆளெடுப்பாளர்களை மூன்றாண்டுகள் அனுப்பி ஆராய்ந்தார் ராபர்ட் ஜென்சன். அந்தக் கிராமங்களில் இளம் பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள், திருமணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயின. கலாச்சாரம் கல்லால் ஆனது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது வரவைப் பற்றி. இனிப் போவதைப் பற்றி.

மூன்றாண்டு வேலை

நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஓர் ஏற்பாடு நடந்ததை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெண் ஆலை விடுதியில் தங்க வேண்டும். வெளியே போக அனுமதி அரிது. மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணச் செலவுக்கு. பாதியில் உடம்பு முடியாமல் போனால் தொகை போயிற்று. வழக்குகளும் எதிர்ப்பும் வந்து அந்தப் பெயர் மறைந்தது. ஆனால் அதன் அடிப்படைக் கணக்கு மறையவில்லை. பெண்ணின் வேலை என்பது பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் இடையில் உள்ள சில ஆண்டுகள், அதற்குள் எவ்வளவு உழைப்பை எடுக்க முடியுமோ எடு, பிறகு அடுத்த தொகுதியை அழைத்து வா. இந்தக் கணக்கு நவீனக் கட்டடங்களுக்குள்ளும் குடியேறியிருக்கிறது. மணமான பெண்களை எடுப்பதில்லை என்று பெரிய ஆலை ஒன்றைப் பற்றி 2024இல் செய்தி வந்தபோது நாடு திடுக்கிட்டது. ஊரில் ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளிடம் கேட்டிருந்தால் திடுக்கிட வேண்டியிருந்திருக்காது.

விடுதி இந்தக் கணக்கின் கட்டட வடிவம். விடுதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரே அறைக்குள் நெரிசலாகப் படுத்து, கெட்ட உணவைச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போய், 2021 டிசம்பரில் தொழிலாளிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடிய பிறகு அப்படி ஒரு வளாகம் வந்தது நல்லதே. ஆனால் கட்டில் தனி ஆளுக்கானது. அதில் படுக்கும் பெண் தாயாகும் நாளில் அந்த ஊரில் அவருக்கு இடமில்லை. நம் வழக்கப்படி திருமணமானதும் பெண்தான் கணவர் ஊருக்குப் போகிறார். புகுந்த ஊரிலிருந்து ஆலைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து யாரும் சம்பந்தம் பேசுவதில்லை.

ஒன்றரை ஷிப்ட்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேரம். ஆனால் ஊரே பேசுவது ஒன்றரை ஷிப்டைப் பற்றி. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வருவது. ஆர்டர் முடிய வேண்டும், கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போக வேண்டும் என்றால் அதற்கும் மேலே. ஒரு ஷிப்ட் கூலியில் குடும்பம் நடக்காது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியும். டெய்லருக்கு உதவும் கைமடி வேலைக்கு வந்து, சிங்கர் மெஷினில் உட்கார்ந்து, டெய்லர் என்று பேர் வாங்கிய ஒரு பெண் பிள்ளை பெற்ற பிறகு என்ன செய்வார்? ஒரு ஷிப்ட் மட்டும் வருகிறேன் என்றால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார், லைன் உடையும் என்பார். ஆகவே அவர் செக்கிங்குக்கோ பிசிர் வெட்டவோ இறங்குவார், அல்லது வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்கு வேலை வாங்கிக்கொள்வார். கட்டிங் மாஸ்டரும் அயர்னிங் மாஸ்டரும் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதில் வியப்பில்லை.

கோல்டின் தம் பிற்கால ஆய்வில் சொல்வதும் இதுவே. அவர் பார்த்தது அமெரிக்க வழக்கறிஞர்களையும் நிதி நிறுவனத்தாரையும். எந்நேரமும் அழைத்தால் வருபவருக்கு மணிக்கணக்கை மீறிய பெரும் சம்பளம் கொடுக்கும் பேராசை பிடித்த வேலைகள்தான் தம்பதியருக்குள் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகின்றன என்றார். ஒருவர் அந்த வேலைக்கு, மற்றவர் பிள்ளைக்கு என்று பிரிகிறார்கள். நியூயார்க் வழக்கறிஞருக்கும் திருப்பூர் டெய்லருக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தாயை வெளியே தள்ளும் விதி மட்டும் ஒன்றே. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களிலும் அதே விதிதான் நடக்கிறது. அங்கே அதற்குப் பெயர் கிளையண்ட் கால்.

வீட்டு நேரம்

வீட்டில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை இந்தியா முதன்முதலாக நாடு முழுவதும் அளந்தது 2019இல்தான். அந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுவது தெரிந்தது. வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஆனால் அதில் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். 2024இல் மறுபடி அளந்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. பத்து நிமிடம் குறைந்தது பெண்ணுக்கு. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்சியும் கிரைண்டரும் எரிவாயு அடுப்பும் வந்து வேலை சுருங்கியிருக்கலாம். பங்கு பிரிப்பது மாறவில்லை.

மத்தியதர வீடுகளில் இதற்கு ஒரு தீர்வு கண்டிருக்கிறோம். ஒரு பெண் வேலைக்குப் போக இன்னொரு பெண் வீட்டில் நிற்கிறார். அது அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், சம்பளத்துக்கு வரும் அக்காவாக இருக்கலாம். அந்த அக்காவின் பிள்ளையை யார் பார்ப்பது? அவர் வீட்டு மூத்த பெண் குழந்தை. ஒருவர் பங்கேற்பு விகிதம் உயர, சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ஒரு சிறுமியின் படிப்பு தேய்கிறது.

பெண்கள் விரும்பித்தானே வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வீட்டு வேலையில் இருக்கும் பெண்களிடமே இதைக் கேட்டது. வீட்டிலிருந்தபடி செய்யும் வேலை கிடைத்தால் செய்வீர்களா என்ற கேள்விக்கு 2011-12இல் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செய்வேன் என்றார்கள். பலர் கேட்டது தையல் வேலை. வேலை செய்ய மனமில்லாதவர்களின் பதில் அது அல்ல. வீட்டை விட்டு நகர முடியாதவர்களின் பதில். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அந்தப் பதிலின் நடைமுறை உருவம். மடியில் தட்டு, பக்கத்தில் குழந்தை, அடுப்பில் உலை. புகையிலைத் தூளின் கேடு அந்த மூன்றுக்கும்.

பிள்ளைக் காம்பரா

வேலையிடமும் குழந்தையும் ஒத்துப்போகவே முடியாது என்பது இயற்கை விதி அல்ல என்று காட்ட, மலைக்கு ஏற வேண்டும். இலங்கை மலையகத்திலும் வால்பாறை, நீலகிரி, மூணாறு மலைகளிலும் கொழுந்து பறிக்கப் பெண்கள் இல்லாமல் தோட்டம் ஓடாது. ஆகவே தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு அருகே பிள்ளைக் காம்பரா என்ற குழந்தைக் காப்பகம் எழுந்தது. காலையில் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள், இடையில் இறங்கிவந்து பால் கொடுப்பார்கள். 1951ஆம் ஆண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் இதைக் கட்டாயமாக்கியது. தோட்டத் துரைகளின் கருணையால் வந்ததல்ல அது. காம்பராவின் தரமும் பெருமைப்படும்படி இருந்ததில்லை. ஆனால் ஒன்று தெளிவு. பெண் இல்லாமல் முடியாது என்று ஆகும்போது முதலாளிக்கே குழந்தைக் காப்பகம் கட்டத் தெரிகிறது. மூன்றாண்டில் அடுத்த பெண் கிடைப்பார் என்ற இடத்தில் அந்த அறிவு வருவதில்லை.

அந்த மலைகளில் பெண்கள் பதினெட்டில் சேர்ந்து ஐம்பதுகளின் இறுதிவரை வேலையில் நிற்கிறார்கள். நின்றதால் என்ன கிடைத்தது? 2015இல் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி வைத்துவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்று தாங்களே திரண்டு சாலையை மறித்து போனஸ் வாங்கினார்கள். ஒருவரை ஒருவர் இருபது ஆண்டு அறிந்தவர்களால்தான் அது முடியும். நிலைத்திருப்பவரிடம் பேரம் பேசும் வலிமை சேர்கிறது. விடுதியில் மூன்றாண்டு தங்கிப் போகும் பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பேர் தெரிவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

செலவு யாருடையது

2017இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் ஆனது. நல்ல சட்டம். ஆனால் அந்த 26 வாரச் சம்பளமும் காப்பகச் செலவும் முழுக்க முதலாளியின் தலையில் விழுந்தன. இருபத்தாறு வயதுப் பெண் நேர்காணலுக்கு வந்தால், கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வி ஏன் வருகிறது என்பதற்கு இனி ஆராய்ச்சி தேவையில்லை.

இதற்கு மாற்று அந்நிய நாட்டில் தேட வேண்டியதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடு என்ற ஈஎஸ்ஐ நம்மிடமே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அங்கே முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். ஆண் தொழிலாளிக்கும் அதே விகிதம்தான். மகப்பேற்றுக் காலச் சம்பளத்தை அந்தப் பொது நிதி கொடுக்கிறது. பெண்ணை எடுத்தால் கூடுதல் செலவு, ஆணை எடுத்தால் இல்லை என்ற கணக்குக்கே அங்கு இடமில்லை. 21,000 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூடினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது, முழுச் சுமையும் ஒரே முதலாளிக்கு மாறுகிறது. பிள்ளை பெறுவதன் பயன் சமுதாயம் முழுமைக்கும் என்றால் செலவும் பொதுவாக இருக்க வேண்டும்.

அங்கன்வாடி 1975இலிருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது நம் பெரும் சொத்து. ஆனால் அது குழந்தையின் ஊட்டத்தை நினைத்து வடிவமைக்கப்பட்டது. தாயின் வேலை நேரத்தை நினைத்து அல்ல. ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் தாய்க்கு அது திறந்திருக்காது, ஒன்றரை ஷிப்ட் முடிந்து வருபவருக்கு மூடியிருக்கும். அதை நடத்தும் பெண்களை நீண்ட காலம் நாம் தொழிலாளர் என்றே ஏற்கவில்லை. மதிப்பூதியம் என்று கொடுத்தோம். அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஆக வேண்டியிருந்தது.

சம்பளம் யார் கையில்

வேலையில் நிலைப்பதற்கு வீட்டுக்குள் ஒரு காரணி உண்டு. சம்பாதித்தது யார் கைக்குப் போகிறது? மத்தியப் பிரதேசத்தில் எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். நூறு நாள் வேலைக் கூலியைக் குடும்பத் தலைவர் கணக்கில் போடாமல் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு, கணக்கைப் பயன்படுத்தச் சிறு பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் அந்தத் திட்டத்தில் மட்டுமல்ல, வெளி வேலைகளிலும் கூடுதலாக உழைத்தார்கள். மனைவி வேலைக்குப் போவது பற்றிய வீட்டாரின் எண்ணமும் இளகியது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்தக் கணக்குக்குப் போகும் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையைச் சோம்பேறித்தனத்தை வளர்க்கும் பணம் என்று பழிப்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம். கையில் சொந்தக் காசு உள்ள பெண் மோசமான வேலையை மறுக்க முடியும். நல்ல வேலைக்குப் போக முடிவெடுக்கவும் முடியும்.

செய்யத்தக்கவை

நான்கு செயல்களை மட்டும் முன்வைக்கிறேன்.

முதலாவது, மகப்பேற்றுக் காலச் சம்பளத்தை ஈஎஸ்ஐ மாதிரியில் எல்லாச் சம்பள நிலைக்கும் பொது நிதியிலிருந்து கொடுப்பது. ஆண் தொழிலாளிக்கும் சேர்த்தே பங்களிப்பு வசூலிப்பது.

இரண்டாவது, குழந்தைக் காப்பகத்தைத் தனித்தனி ஆலையின் கடமையாக விடாமல் தொழிற்பேட்டைக்கு ஒன்றாகக் கட்டுவது. ஐம்பது பேர் வரம்பால் சிறு ஆலைகள் தப்பிவிடுகின்றன. சிப்காட், சிட்கோ வளாகம் தப்ப முடியாது. காப்பகத்தின் நேரம் ஷிப்டின் நேரமாக இருக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு முழுச் சம்பளம் வேண்டும்.

மூன்றாவது, எட்டு மணி நேரக் கூலியிலேயே வாழ முடியும்படி குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது. ஒன்றரை ஷிப்ட் இருக்கும்வரை காப்பகமும் பேருந்தும் பாதித் தீர்வுதான். தந்தையும் ஒரு ஷிப்டில் வீடு திரும்பினால்தான் ஆண்கள் வீட்டு வேலைக்குச் செலவிடும் அந்த 88 நிமிடம் கூடுவதற்கே வழி பிறக்கும்.

நான்காவது, தனி ஆள் கட்டிலோடு நிற்காமல் குழந்தையோடு வாழும் தொழிலாளிக்கு ஆலைக்கு அருகில் வாடகை வீடு கட்டுவது.

ஆண்களுக்கே வேலை இல்லாதபோது இதெல்லாம் வேண்டுமா என்று ஒரு கேள்வி எழும். வேலை என்பது இருக்கிற இலையில் பங்கு போடும் சோறு அல்ல. சம்பளம் வாங்கும் பெண் காப்பகத்துக்குச் செலவிடுகிறார், ஓட்டலில் இட்லி வாங்குகிறார், பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்புகிறார். அதிலிருந்து எழும் வேலையில் ஆண்களும் இருக்கிறார்கள்.

மாணவ மாணவியரே, இனி ஒரு தொழிற்சாலைத் திறப்பு விழாவில் இத்தனை ஆயிரம் பெண்களுக்கு வேலை என்று அறிவிப்பு வந்தால், கைதட்டுங்கள். தட்டிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். ஐந்தாண்டுகள் கழித்து அவர்களில் எத்தனை பேர் அங்கே இருப்பார்கள்? அரசின் மானியமும் நிலமும் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், ஆய்வேட்டில் எழுதுங்கள், வேலைக்கு அழைக்க வளாகத்துக்கு வரும் நிறுவனத்தின் அதிகாரியிடமே நேரில் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தடுமாறினால், நீங்கள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.